அமிகா 500-க்கு வெளி ஃபிளாப்பி டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்மடோர் நிறுவனம் 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமிகா 500, கீபோர்டும் மதர்போர்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வீட்டுக் கணினி. பெட்டியின் வலப்பக்கத்தில் 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவ் ஒன்று உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. பழைய மெஷினைத் தூசி தட்டி எடுத்து, அதனோடு இரண்டாவது டிரைவை வெளியிலிருந்து இணைக்க முனைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அமிகா 600, 1200, 2000 ஆகியவை எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே மட்டும் அவற்றைப் பற்றிய குறிப்பு வரும்.

உள்ளேயே ஒரு டிரைவ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடும் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான். அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்ச் ஒரு ஃபிளாப்பியில் இருக்கிறது. கோப்புகளின் பட்டியலைக் காட்டும் சிறிய கட்டளைகூட அந்த ஃபிளாப்பியில்தான் இருக்கிறது. ஆகவே ஒற்றை டிரைவ் வைத்திருப்பவர் தம் கடிதங்கள் அடங்கிய டிஸ்க்கில் என்னென்ன உள்ளன என்று பார்க்க விரும்பினால், முதலில் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கைப் போட்டு, பிறகு அதை எடுத்துவிட்டுக் கடித டிஸ்க்கைப் போட்டு, அடுத்த கட்டளைக்கு மறுபடியும் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கைப் போட வேண்டும். ஒரு முழு டிஸ்க்கை நகலெடுப்பதென்றால் நினைவகம் குறைவான மெஷினில் இந்த மாற்றல் பல முறை நடக்கும். இரண்டு டிரைவ் இருந்தால், மூலத்தை ஒன்றிலும் வெற்று டிஸ்க்கை இன்னொன்றிலும் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம்.

விளையாட்டுக்காக மட்டும் வாங்குவதானால் சற்று யோசிக்கலாம். 11 டிஸ்க்குகளில் வெளிவந்த சாகச விளையாட்டுகூட அமிகாவில் உண்டு. அத்தகையவற்றுக்கு இரண்டாவது டிரைவ் வரப்பிரசாதம். ஆனால் எல்லா விளையாட்டும் வெளி டிரைவைத் தேடிப் பார்ப்பதில்லை. ஒரே டிஸ்க்கில் முடியும் விளையாட்டுகளை மட்டும் ஆடுபவருக்கு இந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து.

எத்தனை டிரைவ்கள் வரை இணைக்கலாம்? அவற்றின் பெயர்கள் என்ன?

உள்ளே இருப்பது டிஎஃப்0. வெளியே மூன்று வரை சேர்க்கலாம். அவை வரிசையாக டிஎஃப்1, டிஎஃப்2, டிஎஃப்3 எனப் பெயர் பெறும். முதல் டிரைவ் கணினியிலும், இரண்டாவது டிரைவ் முதல் டிரைவின் முதுகில் உள்ள சாக்கெட்டிலும் செருகப்படும் தொடர் இணைப்பு இது. வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறதோ அதுவே டிரைவின் எண்ணாகிறது. ஒவ்வொரு பெட்டியும், எந்த டிரைவ் என்று சொல்லும் தேர்வுக் கம்பிகளை ஓரிடம் தள்ளி அடுத்த பெட்டிக்கு அனுப்புவதால், ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) எதையும் மாற்ற வேண்டியதில்லை. எல்லா வெளி டிரைவிலும் இந்தத் தொடர் சாக்கெட் இருக்காது. மலிவான சிலவற்றில் அதை விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டதை வரிசையின் கடைசியில் வையுங்கள்.

அமிகா 2000-இல் உள்ளேயே இரண்டு டிரைவுக்கு இடம் உண்டு. அதனால் அதன் வெளிப்புற சாக்கெட்டில் செருகும் முதல் டிரைவ் டிஎஃப்2 என்றே வரும். டிஎஃப்1 காணவில்லையே என்று பதற வேண்டாம்.

எந்த சாக்கெட்டில், எப்படிச் செருக வேண்டும்?

மெஷினின் பின்புறத்தில் 23 துளைகள் கொண்ட, ஆங்கில டி எழுத்தின் வடிவிலான சாக்கெட் உள்ளது. மானிட்டருக்கான சாக்கெட்டும் 23 பின் கொண்டதுதான். ஆனால் அதில் துளைகளுக்குப் பதிலாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே ஒன்றை மற்றொன்றில் தவறாகச் செருக வழியில்லை. செருகுவதற்கு முன் டிரைவின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வரிசை ஊசிகளும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் அட்டைப் பெட்டிக்குள் அழுந்திக் கிடந்த பிளக்கில் ஓரிரு ஊசிகள் சாய்ந்திருப்பது வழக்கம். மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். பிளக் சாக்கெட்டுக்குள் போகும்போது இலேசான, ஒரே சீரான தடை தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் அழுத்தாதீர்கள். முழுவதும் உள்ளே போனபின் இரண்டு பக்கத் திருகுகளையும் விரலால் முடுக்கிவிடுங்கள். கேபிளின் பாரத்தில் பிளக் தொங்கத் தொடங்கினால் படிக்கும்போது பிழைகள் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்று உண்டு: கணினியின் பவர் அணைந்திருக்கும்போது மட்டுமே செருகவும் கழற்றவும் வேண்டும். இந்த சாக்கெட்டின் வழியே சிக்னல்களோடு 5 வோல்ட், 12 வோல்ட் மின்சாரமும் போகிறது. பிளக் சற்றே சாய்வாக வெளியேறும் கணத்தில் 12 வோல்ட் ஒரு சிக்னல் கம்பியைத் தொட்டால் போதும், அதன் மறுமுனையில் உள்ள சிப் செத்துவிடும். இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மாலை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே அவசரத்தில் வெளி டிரைவைப் பிடுங்கினேன். அந்த நொடியில் எதுவும் நடக்கவில்லை. அடுத்த முறை பவர் போட்டபோது, டிஸ்க்கைப் போடச் சொல்லும் கை படம் திரையில் வந்தது. டிஸ்க்கைப் போட்டேன், அதைப் படிக்கும், டிரைவின் தலை அசையவே இல்லை.

அப்படி நேர்ந்துவிட்டால் சரிபார்ப்பது எப்படி?

அமிகா 500-இல் 8520 என்ற எண் பொறித்த, ஒரே மாதிரியான இரண்டு சிப்கள் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். டிரைவைத் தேர்ந்தெடுப்பது, தலையை நகர்த்துவது, பக்கத்தை மாற்றுவது போன்ற ஆணைகள் ஒன்றிலிருந்து புறப்படுகின்றன. டிரைவ் திருப்பி அனுப்பும் தகவல்கள் (தயார், டிஸ்க் மாறிவிட்டது, எழுதத் தடை, பூஜ்யத் தடத்தில், அதாவது டிஸ்க்கின் முதல் தரவு வளையத்தில், நிற்கிறேன் என்பவை) மற்றொன்றுக்கு வந்து சேருகின்றன. பவரை அணைத்துவிட்டு இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறின் தன்மை மாறினால், அதாவது டிரைவ் உயிர்பெற்று கீபோர்டோ பிரிண்டரோ முரண்டு பிடித்தால், சிப்களில் ஒன்று பழுது என்று அர்த்தம். என் மெஷினில் அதுதான் நடந்தது. ஒரு 8520 வாங்கிப் போட்டதும் சரியாயிற்று. சிப்பைப் பிடுங்கும்போது இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும், பொருத்தும்போது அதன் ஓரப் பள்ளம் முன்பு பார்த்த திசையையே பார்க்க வேண்டும். அமிகா 600, 1200 ஆகியவற்றில் இந்த சிப்கள் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை. அவற்றை வீட்டில் மாற்றுவது கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே ஆகும்.

பவர் சப்ளை தாங்குமா?

அமிகா 500-உடன் வந்த கனமான பவர் சப்ளை 5 வோல்ட்டில் 4.3 ஆம்பியர், 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் தரக்கூடியது. நல்ல நிலையில் இருந்தால் கூடுதல் நினைவக அட்டையோடு ஒரு வெளி டிரைவையும் சிரமமின்றித் தாங்கும். 600, 1200 மாடல்களோடு வந்த இலேசான சப்ளையோ 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். பிளக் ஒன்றே என்பதால் பலர் அதை 500-இலும் செருகிவிடுகிறார்கள். மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் மெஷின் தானாக ரீசெட் ஆனாலோ, திரையில் சிவப்புச் செவ்வகத்தோடு அமிகாவின் பிழைச் செய்தி வந்தாலோ, டிரைவைக் குறை சொல்லுமுன் 5 வோல்ட்டை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மெஷின் ஓடும்போது அது 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது.

அமெரிக்காவில் விற்ற மெஷின்களின் பவர் சப்ளை 115 வோல்ட் அளவிலான மின்சாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள 230 வோல்ட்டில் அதை நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். வாங்கியதும் அடிப்பக்க லேபிளைப் படித்துவிடுங்கள்.

டிரைவை மெஷின் கண்டுகொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பவர் போட்டதும் வெளி டிரைவின் விளக்கு ஒரு முறை மின்னி, தலை நகரும் ஒலி கேட்கும். வொர்க்பெஞ்ச் திரை வந்தபின், தரவு உள்ள ஒரு டிஸ்க்கை வெளி டிரைவில் போட்டால் அதன் ஐகான் சில நொடிகளில் திரையில் தோன்ற வேண்டும். ஃபார்மேட் செய்யாத டிஸ்க்கைப் போட்டால் டிஎஃப்1 என்ற பெயரோடு அது அமிகாவின் டிஸ்க் அல்ல என்ற குறிப்பு வரும். அதுவும் நல்ல செய்தியே, ஏனெனில் டிரைவ் இருப்பதை மெஷின் அறிந்திருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல் சாளரத்தில் இன்ஃபோ என்று கட்டளையிட்டால் இணைந்துள்ள டிரைவ்களின் பட்டியல் கிடைக்கும்.

ஒலியே இல்லையென்றால் டிரைவின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். பல டிரைவ்களில் இணைப்பைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று உண்டு. அது அணைந்திருப்பது தெரியாமல் டிரைவையே பிரித்துப் போட்டவர்கள் பலர்.

பழைய பிசியிலிருந்து கழற்றிய ஃபிளாப்பி டிரைவை நானே கம்பி இழுத்து இணைக்கலாமா?

இணைக்கலாம். ஆனால் கம்பிகளை நேருக்கு நேர் இழுத்தால் வேலை செய்யாது. அமிகாவின் வெளி டிரைவ் என்பது வெறும் டிரைவ் அல்ல, டிரைவோடு ஒரு சிறு மின்சுற்றும் சேர்ந்த பெட்டி. இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்குபவர்கள்தான் வாரக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

முதல் சிக்கல் மோட்டார். அமிகாவில் எல்லா வெளி டிரைவுக்கும் மோட்டார் கம்பி ஒன்றுதான். ஒரு டிரைவைத் தேர்ந்தெடுக்கும் நொடியில் அந்தக் கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையை அந்த டிரைவ் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு விலகிய பிறகும் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பிசி டிரைவுக்கு இந்த ஞாபகம் கிடையாது. ஆகவே 7474 வகை ஃபிளிப்-ஃபிளாப் சிப் ஒன்றை இடையில் வைத்து அந்த ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அடையாளம். மெஷின் தொடங்கும்போது ஒவ்வொரு வெளி டிரைவின் மோட்டாரையும் ஒரு முறை போட்டு அணைத்துவிட்டு, அதன் தேர்வுக் கம்பியை 32 முறை தட்டி, ஒவ்வொரு தட்டலுக்கும் தயார் என்ற கம்பியில் என்ன பதில் வருகிறது என்று படிக்கிறது. 32 முறையும் ஆம் என்று வந்தால் 3.5 அங்குல சாதாரண டிரைவ். ஒரு முறைகூட வராவிட்டால் அங்கே டிரைவே இல்லை. ஆமும் இல்லையும் மாறி மாறி வரும் பதில்கள் வேறு வகை டிரைவ்களுக்கு உரியவை. பிசி டிரைவ் இந்த விசாரணைக்கு வாய் திறக்காது, மெஷினும் அதை இல்லாததாகவே எண்ணிக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிஎஃப்0-க்கு மட்டும் இந்த விசாரணை தேவையில்லை. அது இருக்கிறது என்றே மெஷின் எடுத்துக்கொள்கிறது. உள் டிரைவுக்குப் பதிலாகப் பொருத்தியபோது ஓடிய பிசி டிரைவ் வெளியே இணைத்தால் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு விடை இதுதான்.

மூன்றாவது, பின்களின் ஏற்பாடு. டிரைவின் 34 பின் கனெக்டரில், டிஸ்க் மாறியதை அறிவிக்கும் சிக்னலை அமிகா 2-ஆம் பின்னிலும் தயார் சிக்னலை 34-ஆம் பின்னிலும் எதிர்பார்க்கிறது. பிசி டிரைவோ டிஸ்க் மாறியதை 34-இல் சொல்கிறது, தயார் சிக்னலைத் தருவதே இல்லை. வொர்க்பெஞ்ச் இதைப் பெரிதுபடுத்தாமல் போய்விடும். ஆனால் தயார் சிக்னலையே நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் பாதியில் நின்றுவிடும். சில பழைய பிசி டிரைவ்களின் போர்டில் ஜம்பரையோ சால்டர் புள்ளியையோ மாற்றி இதைச் சரிசெய்யலாம். பிந்திய, மலிவான டிரைவ்களில் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், சால்டரிங்கில் ஆசை உள்ளவர் செய்து பார்க்கலாம். மற்றவர்கள் பழுதான அமிகா வெளி டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் பெட்டியையும் மின்சுற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் டிரைவை மட்டும் மாற்றுவது நல்லது.

23 பின் பிளக் கடையில் கிடைப்பதில்லையே?

அந்த அளவு பிளக்கின் வழக்கமான உற்பத்தி நின்று நெடுநாளாயிற்று. 25 பின் பிளக்கை வாங்கி, ஒரு ஓரத்தை இரண்டு பின் அளவுக்கு அறுத்து அரம் போட்டுப் பயன்படுத்துவது பழைய வழி. பார்க்க அழகாக இராது, வேலை செய்யும்.

டிஸ்க் போடாதபோது டிரைவ் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பழுதல்ல, இயல்பு. டிஸ்க் மாறியதா என்ற தகவலை டிரைவ் புதுப்பிக்க வேண்டுமானால் தலை ஒரு தடமாவது நகர வேண்டும். ஆகவே காலியாக உள்ள டிரைவின் தலையைச் சில நொடிகளுக்கு ஒரு முறை நகர்த்தி, டிஸ்க் வந்துவிட்டதா என்று அமிகா விசாரிக்கிறது. டிரைவில் ஏதாவது ஒரு டிஸ்க்கைப் போட்டு வைத்தால் ஒலி நின்றுவிடும். ஒலியை அடக்கும் சிறு நிரல்களும் உண்டு. ஆனால் எல்லா டிரைவும் அவற்றோடு ஒத்துப்போவதில்லை.

வெளி டிரைவை இணைத்த பிறகு முன்பு ஓடிய விளையாட்டு ஓடவில்லை. ஏன்?

இணைத்த ஒவ்வொரு டிரைவுக்கும், ஒரு தடத்தின் தரவை வைத்துக்கொள்ளும் இடத்தை மெஷின் சிப் நினைவகத்திலிருந்து (படமும் ஒலியும் பயன்படுத்தும் நினைவகம்) ஒதுக்குகிறது. தொடக்ககால அமிகா 500-இல் இருப்பதே 512 கிலோபைட்தான். அதைக் கடைசிப் பைட் வரை கணக்குப் போட்டுப் பயன்படுத்திய விளையாட்டுகளுக்கு இந்த ஒதுக்கீடு இடிக்கும். மேலே சொன்ன துண்டிப்பு சுவிட்ச் இதற்காகவே வைக்கப்பட்டது: மெஷினை அணைத்து, சுவிட்சைத் தள்ளிவிட்டு, மறுபடி போடுங்கள்.

வெளி டிரைவிலிருந்து பூட் செய்ய முடியுமா?

கிக்ஸ்டார்ட் (மெஷினைத் தொடக்கும், சிப்பில் பதிந்த மென்பொருள்) 1.2, 1.3 உள்ள மெஷின்களில் முடியாது; அவை டிஎஃப்0-வை மட்டுமே பார்க்கும். கிக்ஸ்டார்ட் 2.0 முதல், பவர் போடும்போது மவுசின் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தால் வரும் திரையில் வேறு டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கிக்ஸ்டார்ட் உள்ளவர்களுக்கு, 8520 சிப்பின் சாக்கெட்டில் பொருத்தி டிஎஃப்0, டிஎஃப்1 ஆகியவற்றின் தேர்வுக் கம்பிகளை இடம் மாற்றும் சிறு சுவிட்ச் போர்டு கிடைக்கிறது. டிஎஃப்0 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்ட விளையாட்டுகளும் அதனால் வெளி டிரைவிலிருந்து ஓடும்.

இப்போது கிடைக்கும் எச்டி (உயர் அடர்த்தி) டிஸ்க்குகளைப் பயன்படுத்தலாமா?

அமிகா 500-இன் டிரைவ்கள் டிடி எனப்படும் இரட்டை அடர்த்தி டிஸ்க்குகளுக்கு உரியவை. ஒரு பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 11 செக்டர் (தடத்தின் ஒரு துண்டு), செக்டருக்கு 512 பைட் என்று இரண்டு பக்கங்களுக்கும் கணக்கிட்டால் 9,01,120 பைட், அதாவது 880 கிலோபைட் வரும். எச்டி டிஸ்க்கின் காந்தப் பூச்சு வேறு வகையானது. அதில் எழுத இன்னும் வலுவான காந்தப்புலம் வேண்டும். அமிகாவின் டிரைவ் அதில் எழுதும், அன்றைக்குப் படிக்கவும் செய்யும். சில மாதங்கள் கழித்துப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், பாதுகாத்து வைக்க வேண்டியவற்றை அதில் வைக்காதீர்கள். பிசி டிரைவை மாற்றிப் பொருத்தியிருந்தால், எச்டி டிஸ்க்கின் கூடுதல் துளையை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். இல்லாவிட்டால் டிரைவ் எச்டி நிலைக்குப் போய்விடும்.

பிசியில் எழுதிய டிஸ்க்கை அமிகா படிக்குமா?

720 கிலோபைட் டிஸ்க்கைப் படிக்கும். அதற்கான கிராஸ்டாஸ் என்ற நிரல் வொர்க்பெஞ்ச் 2.1-இலிருந்து அதனோடு சேர்ந்தே வருகிறது. வெளி டிரைவ் அதில் பிசி1 எனப்படும். எதிர்த்திசையில் முடியாது: அமிகா ஒரு தடம் முழுவதையும் இடைவெளியின்றி ஒரே மூச்சில் எழுதுவதால், பிசியின் சாதாரண ஃபிளாப்பி கன்ட்ரோலருக்கு அது விளங்காது. யூஎஸ்பி வழியாக இயங்கும் கிரீஸ்வீசல் போன்ற சிறு போர்டுகள் தடத்தில் உள்ள காந்த மாற்றங்களையே நேராகப் படிப்பதால், பிசி டிரைவைக் கொண்டே அமிகா டிஸ்க்குகளைக் கோப்பாக மாற்றிவிடும்.

உண்மையான டிரைவுக்குப் பதிலாக கோடெக் வைத்துக்கொள்ளலாமா?

யூஎஸ்பி பென் டிரைவில் உள்ள டிஸ்க் கோப்புகளை ஃபிளாப்பி போலக் காட்டும் கருவி அது. ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால் அமிகாவோடு நன்றாக ஒத்துழைக்கும். வெளியே இணைப்பதானால் மேலே சொன்ன மோட்டார் ஞாபகமும் அடையாளச் சுற்றும் அதற்கும் தேவை; அவை அடங்கிய அடாப்டரோடு வாங்குங்கள். விளையாட்டுகள் டிஎஃப்0-வையே தேடும் என்பதால், பூட் சுவிட்ச் இல்லாதவர்கள் கோடெக்கை உள்ளேயும் உண்மையான டிரைவை வெளியேயும் வைப்பதே வசதி.

பழைய டிஸ்க்கைப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

உலோக மூடியை விரலால் தள்ளி, உள்ளே தெரியும் வட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வெண்ணிறப் புள்ளிகளோ புகை படிந்தது போன்ற திட்டுகளோ இருந்தால் அது பூஞ்சை. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஈரக்காற்றில் வைத்திருந்த டிஸ்க்குகளில் இது சாதாரணம். அதைப் போட்டால் பூஞ்சை தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். தலையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். மேல் தலையைத் தேவைக்கு மேல் தூக்கக் கூடாது. அதைத் தாங்கும் மெல்லிய தகடு ஒரு முறை வளைந்தால் அந்த டிரைவ் பிறகு சரியாகப் படிக்காது.

டிஸ்க்கை எப்போது வெளியே எடுக்கலாம்?

விளக்கு அணைந்த பிறகு. சேமித்துவிட்டேன் என்று நிரல் சொன்னாலும், மெஷின் கடைசித் தடத்தை எழுதிவிட்டு மோட்டாரை நிறுத்தச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பொத்தானை அழுத்தி டிஸ்க்கை எடுத்தால், அடுத்த முறை அதைப் போடும்போது டிஸ்க் சரிபார்க்கப்படவில்லை என்ற செய்தி வரும், அதில் புதிதாக எதையும் எழுத முடியாது. அப்போதும் உள்ளிருக்கும் கோப்புகளைப் பெரும்பாலும் படிக்க முடியும். அவற்றை இரண்டாவது டிரைவில் உள்ள வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுப் பழையதை மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள்.